கணுக்கால் ஆப்பரேஷனுக்குப் பிறகு: ஊசியா, மாத்திரையா, ஆஸ்பிரினா, ஒன்றுமே வேண்டாமா?

அம்மாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று, வார்டில் இருந்த இளம் டாக்டர் அவசரமாக மலாயில் சொன்னது இரண்டே சொல்: "டாரா பெக்கு." கூடப் போயிருந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னார்: "காலுல ரத்தக்கட்டு வருமாம், பாத்துக்கச் சொல்றாரு."

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் நம் வீடுகளில் ரத்தக்கட்டு என்றால் அடிபட்ட இடம் கன்றிப்போய் நீலம் பாய்வது. அதற்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவோம், எண்ணெய் காய்ச்சி நீவி விடுவோம். பன்னிரண்டாம் நாள் கெண்டைக்கால் பளபளவென்று வீங்கியபோது பெரியம்மா செய்யப் போனதும் அதைத்தான். நான் அப்போது பினாங்கில் ஒரு ஃபார்மசியில் வேலை. வார இறுதிக்கு எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நல்லெண்ணெய் வாசம் அடித்தது. உள்ளே அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்க, பெரியம்மா கட்டுத்துணியைப் பாதி தளர்த்தி, கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "பெரியம்மா, தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்தே போனார்.

டாக்டர் சொன்ன டாரா பெக்கு வேறு. கால் தசைக்குள் ஆழமாக ஓடும் சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது அது. இனி இதை ரத்த உறைவு என்றே எழுதுகிறேன். உறைந்த கட்டியை நீவினால் உடைந்து மேலேறி, இதயத்தைத் தாண்டி நுரையீரலில் போய் அடைக்கலாம். அம்மாவை அன்றிரவே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் சிரையில் உறைவு இருந்தது ஸ்கேனில் தெரிந்தது. மூன்று மாதம் மருந்து, ஆள் பிழைத்தார். ஆனால் ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போதே உறைவைத் தடுக்க மருந்து வேண்டுமா, எந்த மருந்து, எத்தனை நாள் என்ற பேச்சை யாராவது எங்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். யாரும் பேசவில்லை. இப்போது இதே ஊரில் நானே மருந்துக்கடையில் நிற்கிறேன். செம்பனைக் குலை வெட்டும்போது சறுக்கியவர், மோட்டாரிலிருந்து விழுந்தவர், குளியலறைப் படியில் வழுக்கியவர் என்று காலில் சிமெண்டுக் கட்டோடு மாதம் ஒருவராவது வருகிறார். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணுக்கால் எலும்பைத் தகடும் திருகும் வைத்துப் பொருத்தியவர்களில், வெளியே தெரியும்படி ரத்த உறைவு வருவது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு. ஸ்கேன் போட்டுத் தேடினால் இன்னும் பலருக்கு இருக்கும், பெரும்பாலும் கெண்டைக்காலில், தானாகவே கரைந்துவிடும். காரணங்களை ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் மூன்றாகச் சொல்வார்கள்: ரத்தம் தேங்குவது, நாளம் அடிபடுவது, ரத்தம் உறையத் துடிப்பது. எலும்பு முறிந்து, கத்தி பட்டு, கட்டுப் போட்டு அசையாமல் கிடக்கும் காலில் மூன்றும் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. பால்மரம் சீவி முப்பது வருடம் நடந்த என் அம்மாவின் கால் பன்னிரண்டு நாள் தலையணை மேலேயே கிடந்தது.

நூற்றில் ஒன்று என்பது எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. முன்பே ஒருமுறை உறைவு வந்தவர், புற்றுநோய் உள்ளவர், உடல் பருத்தவர், வயதானவர், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண், குடும்பத்தில் யாருக்காவது உறைவு வந்திருப்பவர், இவர்களுக்குக் கூடும். ஆப்பரேஷன் நீண்ட நேரம் எடுத்தாலும் கூடும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2018-இல், கால், கணுக்கால் ஆப்பரேஷனில் மயக்கம் 90 நிமிடத்தைத் தாண்டினாலோ பிறகு காலை அசையாமல் வைக்க வேண்டியிருந்தாலோ தடுப்பு மருந்தைப் பற்றி யோசிக்கச் சொன்னது. யோசிக்கத்தான் சொன்னது, எல்லாருக்கும் கொடு என்று சொல்லவில்லை. அமெரிக்க நெஞ்சக மருத்துவர்களின் 2012 வழிகாட்டியோ, முழங்காலுக்குக் கீழே மட்டும் அடிபட்டுக் கட்டுப் போட்டவருக்கு மருந்து தேவையில்லை என்றது. பெரியவர்களே இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்பதால்தான், முடிவு உங்கள் காலையும் உங்கள் உடம்பையும் பார்த்து எடுக்க வேண்டியதாகிறது.

முதலில் ஊசி. இனாக்ஸபரின் என்பது மருந்தின் பெயர், கிளெக்ஸேன் என்று கேட்டிருப்பீர்கள். தடுப்புக்கு வழக்கமான அளவு நாளைக்கு ஒரு தடவை 40 மில்லிகிராம், வயிற்றுத் தோலுக்கடியில். பல வருடப் பழக்கம் உள்ள மருந்து, டாக்டர்களுக்குக் கை வந்தது. சிக்கல் வீட்டில்தான் தொடங்குகிறது. போன வருடம் ஒரு ஆன்ட்டி பத்து ஊசியையும் பையோடு கொண்டுவந்து மேசை மேல் வைத்து, "தங்கச்சி, எனக்கு கை நடுங்குது, மவனுக்கு பாக்கவே பயம்" என்றார். கடைக்குப் பின்னால் உட்காரவைத்துக் காட்டிக்கொடுத்தேன். தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி, ஒரு நாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம். தோலைக் கிள்ளிப் பிடித்தபடி நேராகக் குத்தி, மருந்து முழுவதும் இறங்கிய பிறகுதான் தோலை விட வேண்டும். ஊசிக்குள் இருக்கும் காற்றுக் குமிழியை வெளியே தள்ளக் கூடாது, தள்ளினால் மருந்தும் போய்விடும். குத்திய இடத்தைத் தேய்க்கவே கூடாது. அவர் நாலு நாள் தினமும் வந்தார். ஐந்தாம் நாள் தானே போட்டுக்கொண்டேன் என்று போனில் சொன்னார்.

ஊசியைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். இனாக்ஸபரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. நம் அக்கம்பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும், நம்மிடையே சைவ விரதம் கடுமையாகக் காப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உள்ளவர்கள். முழுக்க முழுக்கச் செயற்கையாகச் செய்த ஃபோண்டாபரினக்ஸ் என்ற ஊசி இருக்கிறது, நாளைக்கு 2.5 மில்லிகிராம். கேட்டால் டாக்டர் யோசிப்பார், கேட்காமல் இருக்காதீர்கள். இரண்டாவது, சிறுநீரகம். இந்த இரண்டு ஊசியும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகின்றன. சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்து உடம்பில் தங்கி ரத்தக்கசிவை உண்டாக்கும். அப்படிப்பட்டவருக்கு இனாக்ஸபரின் அளவைக் குறைக்க வேண்டும், ஃபோண்டாபரினக்ஸோ மிகவும் பழுதான சிறுநீரகத்துக்கு ஆகவே ஆகாது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. நீரிழிவு பல வருடம் இருந்தால் அடுத்து அடிபடுவது சிறுநீரகம்தானே. ஆகவே "இனிப்பு நீர் இருக்கு" என்று சொல்வதோடு நிறுத்தாமல், கடைசியாக எடுத்த சிறுநீரக ரத்தச் சோதனைத் தாளையும் கையில் கொண்டுபோங்கள்.

அடுத்தது மாத்திரை. ரிவரோக்சபன், அபிக்ஸபன் என்று வரும் புதிய வகை. என் சொந்தச் சாய்வு இந்தப் பக்கம்தான், அதை மறைக்கவில்லை. 2020-இல் வெளிவந்த ப்ரொனொமோஸ் ஆய்வில், முழங்கால், கணுக்கால், பாதம் போன்ற இடங்களில் ஆப்பரேஷன் செய்து குறைந்தது இரண்டு வாரம் நடமாட்டம் குறைந்த 3,600 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்தார்கள். ரிவரோக்சபன் 10 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கு உறைவுச் சிக்கல், இனாக்ஸபரின் போட்டுக்கொண்டவர்களில் ஆயிரத்துக்குப் பதினொரு பேருக்கு. ரத்தக்கசிவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். மாத்திரை வென்றதற்கு மருந்தின் வலிமை மட்டும் காரணமாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. தினமும் ஊசி போடுவதைவிட ஒரு மாத்திரையை விழுங்குவது மனிதர்களுக்குச் சுலபம். பாதியில் நிறுத்திய ஊசி யாரையும் காப்பாற்றாது.

மாத்திரையில் உள்ள தடங்கல்கள்: ஆப்பரேஷனுக்குப் பிறகு உறைவைத் தடுக்க என்று இது இடுப்பு, முழங்கால் மாற்று ஆப்பரேஷனுக்குத்தான் முறையாக அனுமதி பெற்றது, கணுக்காலுக்கு என்றால் டாக்டர் தன் பொறுப்பில் எழுத வேண்டும். இலவச மருந்துப் பட்டியலை நம்பியிருப்பவருக்கு உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது, வெளியில் வாங்கினால் ஆஸ்பிரினைவிட எத்தனையோ மடங்கு செலவு. சிறுநீரகக் கணக்கு இதற்கும் உண்டு. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஆகாது. வலிப்பு மருந்து, காசநோய் மருந்து சில இதன் வேலையைக் கெடுக்கும். வலிக்கு என்று சொல்லிக் கடையில் டைக்ளோஃபெனக் வாங்கிச் சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம். இது ஊசிக்கும் பொருந்தும். வலிக்குப் பாராசிட்டமோல் போதாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டு டப்பாவிலிருந்து எடுக்காதீர்கள்.

ஆஸ்பிரின். சில வருடங்களுக்கு முன்பு வரை இதைக் கேட்டவரிடம் "அது இருதயக்காரங்களுக்கு" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். 2023 ஜனவரியில் வந்த ப்ரிவென்ட் கிளாட் ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கை, கால், இடுப்பெலும்பு முறிவோடு வந்த 12,211 பேர். ஒரு பாதிக்கு ஆஸ்பிரின் 81 மில்லிகிராம் நாளைக்கு இரண்டு வேளை, மறு பாதிக்கு இனாக்ஸபரின் 30 மில்லிகிராம் இரண்டு வேளை. தொண்ணூறு நாளில் இறந்தவர்கள் 0.78 விழுக்காடும் 0.73 விழுக்காடும். நுரையீரல் அடைப்பு இரண்டு பக்கமும் 1.49. காலில் உறைவு மட்டும் ஆஸ்பிரின் பக்கம் கொஞ்சம் அதிகம்: 2.51, மறுபக்கம் 1.71. உயிரைக் காப்பதில் மலிவான மாத்திரை ஊசிக்கு ஈடாக நின்றிருக்கிறது. ஐந்தாறு வாரம் ஊசி போட வழியில்லாத, வயிற்றுப்புண் இல்லாத, ரொம்பப் பெரிய ஆபத்தும் இல்லாத ஒருவருக்கு இது நல்ல வழி.

ஆனால் நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது, வெளிநாட்டுத் தாள்களில் அது அவ்வளவாக இருக்காது. டெங்கி. மழை பெய்து ஓய்ந்தால் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் டயர், பூந்தொட்டி, செம்பனை மட்டை எல்லாம் கொசுவுக்குத் தொட்டில். டெங்கியில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரசரவென்று இறங்கும், அந்த நேரத்தில் ஆஸ்பிரின் உடம்பில் இருப்பது ஆபத்து. ஊசியும் மற்ற மாத்திரையும்கூட அப்படித்தான். இவற்றில் எதை எடுத்துக்கொண்டிருந்தாலும், காய்ச்சல் வந்தால் அன்றே கிளினிக்குக்குப் போய் "நான் ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

ஒன்றுமே வேண்டாம் என்பதும் ஒரு நியாயமான முடிவுதான், அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் நடந்த பொட் காஸ்ட் ஆய்வு 2017-இல் வந்தது. முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டவர்களில் ஊசி போட்டவர்களுக்கு உறைவு 1.4 விழுக்காடு, போடாதவர்களுக்கு 1.8. பெரிய வித்தியாசம் இல்லை. அதில் பெரும்பாலோர் ஆப்பரேஷன் செய்யாதவர்கள் என்பதை மறக்கக் கூடாது. இருபத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, வேறு நோய் இல்லை, இரண்டாம் வாரமே ஊன்றுகோலோடு நடமாடப் போகிறார் என்றால், மருந்து இல்லாமல் கவனமாக இருப்பதை நானும் ஏற்றுக்கொள்வேன்.

கவனம் என்று எதைச் சொல்கிறேன்? விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை கால் விரல்களை மடக்கி நீட்டுவது, முழங்காலை மடக்குவது, கட்டுக்குள்ளேயே கெண்டைக்கால் தசையை இறுக்கி விடுவது. தண்ணீர் குடிப்பது. தலையணை மேல் கால் இருக்கட்டும், ஆனால் நாள் முழுக்க ஆள் படுத்திருக்கக் கூடாது. இன்னொன்றை டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்: "எப்போது கால் ஊன்றலாம்?" ஆறு வாரம் ஊன்றக் கூடாது என்பதுதான் பழைய வழக்கம். 2024-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், ஆப்பரேஷன் முடிந்து இரண்டாம் வாரமே ஊன்றத் தொடங்கியவர்களின் கணுக்கால், ஆறு வாரம் காத்திருந்தவர்களுடையதைவிட மோசமாகவில்லை. எல்லா முறிவுக்கும் இது பொருந்தாது, நீரிழிவால் உணர்ச்சி குறைந்த காலுக்கு வேறு கணக்கு. ஆனாலும் கேளுங்கள்.

இந்த நான்கில் எதைத் தேர்ந்தாலும் தடுக்க முடியாத இன்னொரு பக்கம் இருக்கிறது, அது சிரை அல்ல, இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி. கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு தமனி, முன்பக்கம் ஒரு தமனி, இரண்டும் எலும்பை ஒட்டியே பாதத்துக்கு இறங்குகின்றன. முறிந்த எலும்பு முனையோ துளை போடும் கருவியோ திருகோ தமனியை உரசினால், நாளோ வாரமோ கழித்து அந்த இடத்தில் நாடியோடு சேர்ந்து துடிக்கும் கட்டி எழும்பலாம். அபூர்வம். ஆனால் சீழ்க்கட்டி என்று நினைத்து யாராவது கீறினால் ரத்தம் பீறிடும். துடிக்கிற கட்டியை யாரும் கீற விடாதீர்கள், ஸ்கேன் கேளுங்கள். பல வருட நீரிழிவுக்காரருக்கும் புகைப்பவருக்கும் ஆப்பரேஷனுக்கு முன்பே பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ரத்தம் சரியாக இறங்காத காலில் தையல் ஆறாது.

அதைவிட அவசரமானது கட்டு இறுகுவது, தசை வீங்கி உள்ளழுத்தம் ஏறுவது. மருந்துக்கும் அடங்காத வலி, விரலை மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகும் வலி, மரத்துப்போன, வெளுத்த அல்லது நீலம் பாய்ந்த, சில்லிட்ட விரல்கள். இதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை திரும்பி வராமல் போகலாம். காலையில் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது.

எங்கே போவது என்பதிலும் நம் ஊரில் நாலு வழி இருக்கிறது. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துச் சுகாதாரக் கிளினிக், டவுனில் தனியார் கிளினிக், இங்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு, அல்லது அரை மணி தூரத்தில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி. பலர் ஐந்தாவது வழியைத் தேர்கிறார்கள்: ஸ்பெஷலிஸ்ட் கொடுத்த தேதி வரும்வரை காத்திருப்பது. அந்தத் தேதி தையலுக்கும் எக்ஸ்ரேக்கும் கொடுத்தது, உறைவு அதைப் பார்த்துக் காத்திருக்காது. ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் கல்லாக இறுகினால், அன்றே அவசரப் பிரிவு. தனியார் கிளினிக்கில் டி டைமர் ரத்தச் சோதனை எடுத்துக்கொண்டு காசை வீணாக்க வேண்டாம், ஆப்பரேஷன் ஆனவருக்கு அது எப்படியும் ஏறித்தான் இருக்கும். உறைவைக் காட்டுவது டாப்ளர் ஸ்கேன்தான். மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால் காரில் ஏற்றி ஈப்போவுக்கு ஓட்டாதீர்கள். 999 அடியுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரி. ஆக்சிஜனும் முதல் மருந்தும் அங்கேயே கொடுத்து ஆம்புலன்சில் அனுப்புவார்கள். வழியில் ஒருவர் மயங்கிவிட்டால் வண்டி ஓட்டும் மகனால் என்ன செய்ய முடியும்?

வேலையில் விழுந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு முடிந்தால் சம்பளம் போகும் என்று வீங்கிய காலோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை விபத்துக்குத் தொழிலாளர் காப்புறுதி அமைப்பான சொக்சோ தற்காலிக இயலாமைக்கு நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தருகிறது. உறைவுக்காக எழுதிய எம்.சி.யையும் அதே கோப்பில் சேருங்கள்.

இன்று அம்மாவுக்கு மறுபடியும் அதே ஆப்பரேஷன் என்றால் என்ன கேட்பேன்? அறுபத்தொரு வயது, கனத்த உடம்பு, கணுக்காலின் இருபக்கமும் முறிவு, நடமாட்டம் இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, வயிற்றுப்புண் இல்லை. ரிவரோக்சபன் கேட்பேன். கிடைக்காவிட்டால் ஊசி, நானே போடுவேன். இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் ஆஸ்பிரின். ஒன்றுமில்லாமல் அவரை அந்தக் கட்டிலுக்கு அனுப்ப மாட்டேன். கட்டுப் பிரித்து நடக்கும்வரை, அதிகபட்சம் ஆறு வாரம். எழுபது வயதில் சிறுநீரகம் பாதி போன என் மாமாவுக்கு இதே பதிலைச் சொல்ல மாட்டேன், அவருக்கு ரத்தச் சோதனைத் தாளைப் பார்க்காமல் எதையும் தொட மாட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரிடமோ தாதியிடமோ கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுக்கிறேன். உபாட் சாயிர் டாரா (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) வேண்டுமா வேண்டாமா, வேண்டாம் என்றால் ஏன்? எந்தத் தேதியில் நிறுத்துவது? எப்போது கால் ஊன்றலாம்? ராத்திரியில் வீங்கினால் எந்த நம்பருக்கு அடிப்பது? அடியில், பெரியம்மா போன்றவர்களுக்காக, பெரிய எழுத்தில் தமிழில் ஒரு வரி: கெண்டைக்காலை நீவாதீர்கள், எண்ணெய் போடாதீர்கள். பெரியம்மா அந்தத் தாளைத் தன் வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிறார்.